மத்தியச் சட்டம்தான் மேல் என்றால், அமெரிக்க மாநிலங்கள் குடியேற்றத் துறைக்கு எப்படி 'முடியாது' என்கின்றன?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி சான் ஹோசேயில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். அவர் இருக்கும் கலிபோர்னியா, குடியேற்ற அதிகாரிகளுக்கு எங்கள் போலீஸ் உதவாது என்கிறது. டெக்சஸ் அதற்கு நேர் எதிர்: மத்திய அரசு பிடிக்காவிட்டால் நாங்களே பிடிப்போம் என்று சட்டம் போடுகிறது. குடியேற்றம் மத்திய அரசின் கையில் இருக்கும் விஷயம் என்றால் இந்த இரண்டுமே சட்ட மீறல்தானே, யார் சொல்வது செல்லும், தம்பிக்கு இதில் ஏதாவது தொந்தரவு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. மத்தியச் சட்டம் மேலானது என்றால், ஓர் உத்தரவு போட்டு மாநிலப் போலீஸை வேலை வாங்கிவிட வேண்டியதுதானே? ஏன் அது நடக்கவில்லை? இதற்குப் பதில் தெரிந்தால் மற்றவை தானாக விளங்கிவிடும்.

நான் வக்கீல் இல்லை. ஹூஸ்டனில் குடியேற்ற வழக்குகள் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் 16 ஆண்டுகள் உதவியாளராக இருந்தேன். ஜெயிலிலிருந்து வரும் போனை எடுப்பது, ஆள் எந்த ஜெயிலில் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பது, வந்த காகிதத்தில் யார் கையெழுத்து இருக்கிறது என்று பார்த்து வக்கீலிடம் சொல்வது, இதுதான் என் வேலை. ஆகவே டெக்சஸ் பற்றிச் சொல்வது கண்ணால் பார்த்தது. கலிபோர்னியா பற்றிச் சொல்வது தீர்ப்புகளையும் சட்டங்களையும் படித்து அறிந்தது.

நம் ஊரிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. நம் அரசியல் சட்டம் வேறு மாதிரி. நாடாளுமன்றம் போட்ட சட்டம் நிறைவேறும்படி மாநிலம் நடந்துகொள்ள வேண்டும், அதற்கு மத்திய அரசு உத்தரவும் போடலாம் என்று 256ஆவது பிரிவு சொல்கிறது. கேட்காவிட்டால் 365 இருக்கிறது, அதற்குப் பின்னால் 356 இருக்கிறது. 1976, 1991 ஆட்சிக் கலைப்புகளைப் பார்த்த நமக்கு 356 பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டவரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மத்திய அரசுடையது என்றாலும், திருச்சி சிறப்பு முகாமை நடத்தியது மாநில அரசின் அதிகாரிகள்தான். 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டத்தின் அதிகாரம் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. டெல்லி சொல்லும், கலெக்டரும் போலீஸும் செய்வார்கள். இந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவைப் பார்த்தால் கலிபோர்னியா செய்வது கலகம் போலத் தெரியும்.

அமெரிக்காவிலும் மத்தியச் சட்டம் மேலானதுதான். அரசியல் சட்டத்தின் 6ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. இரண்டும் மோதினால் மாநிலச் சட்டம் விழும். ஆனால் 256 போன்ற ஒரு பிரிவு அங்கே கிடையாது. வாஷிங்டன் தன் சட்டத்தைத் தன் ஆட்களை வைத்து, தன் காசில் அமல்படுத்த வேண்டும். மாநில அதிகாரியைக் கூப்பிட்டு 'இதைச் செய்' என்று கட்டளையிட முடியாது. மாநிலம் விரும்பினால் உதவலாம். விரும்பாவிட்டால் ஒதுங்கி நிற்கலாம். குறுக்கே வந்து நிற்கத்தான் கூடாது. ஒதுங்கி நிற்பது எங்கே முடிந்து, குறுக்கே நிற்பது எங்கே தொடங்குகிறது என்பதில்தான் அத்தனை வழக்குகளும்.

இந்தக் கோடு முதலில் போடப்பட்டது குடியேற்ற வழக்கில் இல்லை. தப்பி ஓடிய அடிமைகளைப் பற்றிய வழக்கில். 1793ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், வடக்கு மாநிலங்களுக்கு ஓடிவந்த அடிமைகளைப் பிடித்துக்கொண்டு போக எஜமானர்களுக்கு உரிமை கொடுத்தது. பென்சில்வேனியாவில் ஒரு பெண்ணையும் அவள் பிள்ளைகளையும் பிடித்து மேரிலாந்துக்குக் கொண்டுபோன ஒருவனை அந்த மாநிலம் தண்டித்தது. 1842இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மத்தியச் சட்டத்துக்குக் குறுக்கே மாநிலச் சட்டம் வரக்கூடாது என்பது காரணம். அதே தீர்ப்பில் நீதிபதி ஜோசப் ஸ்டோரி, இந்தச் சட்டத்தை நிறைவேற்றித்தர மாநில அதிகாரிகளைக் கட்டாயப்படுத்த முடியாது என்றும் எழுதிவைத்தார். அடிமை முறையை எதிர்த்தவர்கள் அந்த வரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டே மாசச்சூசெட்ஸ், தன் அதிகாரிகள் இதில் கைவைக்கக் கூடாது, தன் சிறைகளில் இவர்களை அடைக்கவும் கூடாது என்று சட்டம் போட்டது. இன்றைக்குக் கலிபோர்னியா வைத்திருக்கும் சட்டத்தையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சாயல் நன்றாகத் தெரியும். அன்றைக்கும் சண்டை ஜெயில் வாசலில்தான்.

கோட்டின் மறுபக்கமும் அதே காலத்தில்தான் எழுதப்பட்டது. 1854இல் மில்வாக்கி நகரில் ஒரு கூட்டம் சிறையை உடைத்து, அங்கே அடைபட்டிருந்த, தப்பி வந்த ஓர் அடிமையை விடுவித்தது. அந்தக் கூட்டத்தைத் திரட்டியதற்காகப் பத்திரிகை ஆசிரியர் ஷெர்மன் பூத் மத்திய அதிகாரிகளால் கைதானார். விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், தப்பி வந்த அடிமைகளைப் பற்றிய 1850ஆம் ஆண்டு மத்தியச் சட்டமே செல்லாது என்று சொல்லி அவரை விடுவித்தது. 1859இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைத் தள்ளுபடி செய்தது: மத்திய அரசின் காவலில் இருப்பவரை மாநில நீதிமன்றம் விடுவிக்க முடியாது. நியாயம் எந்தப் பக்கம் இருந்தது என்று இன்று யாரும் கேட்கப்போவதில்லை. சட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்தும் மத்திய அமைப்பான ஐஸ் (ICE), ஓர் ஆளைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டால், கலிபோர்னியா போலீஸ் வந்து இறக்கிவிட முடியாது.

நவீன காலத்தில் இந்தக் கொள்கைக்கு உயிர் கொடுத்தவர் வலதுசாரி நீதிபதி அன்டோனின் ஸ்கலியா என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். 1993இல் வந்த பிரேடி சட்டம், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரிஃப் விசாரிக்க வேண்டும் என்றது. மொன்டானாவின் ஒரு ஷெரிஃப் வழக்குப் போட்டார். 1997இல் 5க்கு 4 என்ற கணக்கில் ஸ்கலியா எழுதிய தீர்ப்பு, மாநில அதிகாரிகளை மத்திய அரசு தன் வேலையாட்களாக்க முடியாது என்றது. அன்றைக்குத் துப்பாக்கி உரிமை கேட்பவர்கள் கொண்டாடினார்கள். 20 ஆண்டு கழித்து சான் பிரான்சிஸ்கோ வக்கீல்கள் மனுவுக்கு மனு அதே தீர்ப்பை மேற்கோள் காட்டினார்கள். 2018இல் நியூ ஜெர்சியின் விளையாட்டுச் சூதாட்ட வழக்கில் நீதிபதி அலீட்டோ இன்னும் ஒரு படி மேலே போனார்: மாநிலச் சட்டமன்றத்திடம் 'இந்தச் சட்டத்தைப் போடாதே' என்றும் மத்திய அரசு உத்தரவிட முடியாது.

ஆக, உள்ளூர் போலீஸ் ஐஸுக்கு உதவுவதைக் கட்டுப்படுத்தும் கலிபோர்னியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டம், எஸ்.பி. 54, பெரும்பாலும் நிற்பதற்குக் காரணம் இதுதான். டிரம்ப்பின் முதல் ஆட்சி அதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2019இல், உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு படி கீழே உள்ள ஒன்பதாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. இல்லினாய் மீது 2025இல் போட்ட வழக்கும் அதே ஆண்டு ஜூலையில் கீழ் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது.

அந்தச் சட்டம் உண்மையில் என்ன செய்கிறது என்பதைச் செய்திகளில் யாரும் பொறுமையாகச் சொல்வதில்லை. ஒருவரை உள்ளூர் போலீஸ் குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகப் பிடிக்கிறது என்று வையுங்கள். கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) ஜெயிலில் கைரேகை எடுப்பார்கள். அந்த ரேகை குற்றப் பதிவு பார்க்க எஃப்.பி.ஐ.க்குப் போகிறது; அங்கிருந்து தானாகவே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போய்விடுகிறது. 2008இல் தொடங்கிய ஏற்பாடு இது. கலிபோர்னியாவோ நியூயார்க்கோ இதை நிறுத்த முடியாது. ஆக 'அடைக்கல மாநிலம்' என்று பெயர் வாங்கிய மாநிலத்திலும், ஆள் ஜெயிலுக்குள் வந்த செய்தி சில மணி நேரத்தில் ஐஸுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு ஐஸ் ஒரு காகிதம் அனுப்பும். அதற்கு டிடெய்னர் என்று பெயர். நீங்கள் விடுதலை செய்ய வேண்டிய நேரத்துக்கு மேல் 48 மணி நேரம் வரை இவரைப் பிடித்து வையுங்கள், நாங்கள் வந்து அழைத்துக்கொள்கிறோம் என்பது சாரம். சட்டம் குறுக்கிடுவது இந்த இடத்தில்தான். அந்த 48 மணி நேரத்துக்குப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. விடுதலை தேதியைச் சொல்வதற்கும் வரம்பு வைக்கிறது; குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவர் என்றால் சொல்லலாம். மாநிலச் சிறைகளுக்கு இந்தத் தடை கிடையாது. கடுமையான குற்றத்துக்குத் தண்டனை முடித்து வெளியே வருபவரை அவை ஐஸிடம் ஒப்படைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

டிடெய்னர் காகிதத்தில் நான் முதலில் பார்ப்பது கையெழுத்து. அது நீதிபதியுடையதாக இருக்காது. குடியேற்ற அதிகாரி ஒருவரே போட்டிருப்பார். கூடவே வரும் வாரன்ட்டும் அப்படித்தான். ஜாமீன் கட்டியாகிவிட்டது, வீட்டுக்காரர்கள் வாசலில் காரோடு நிற்கிறார்கள், ஆனால் ஆள் வெளியே வரவில்லை என்று ராத்திரி 11 மணிக்கு வரும் போன்களில் பாதி இந்தக் காகிதத்தால்தான். பென்சில்வேனியாவில், அமெரிக்காவிலேயே பிறந்த ஒருவரை இப்படித் தவறாகப் பிடித்து வைத்தார்கள். அவர் போட்ட வழக்கில் 2014இல் மூன்றாவது மேல்முறையீட்டு நீதிமன்றம், டிடெய்னர் ஒரு வேண்டுகோள்தான், கட்டளை ஆகாது என்றது. வேண்டுகோளுக்கு இணங்கிப் பிடித்து வைத்தது நீ, ஆகவே நஷ்ட ஈடும் நீ கொடு என்பது அதன் பொருள். அதற்குப் பிறகு பல கவுன்டிகள் டிடெய்னரை மதிப்பதை நிறுத்தின. கொள்கைப் பிடிப்பால் நிறுத்தியவை உண்டு. வழக்குச் செலவுக்குப் பயந்து நிறுத்தியவையும் உண்டு. 2017இல் மாசச்சூசெட்ஸின் உச்ச நீதிமன்றம், எங்கள் மாநிலச் சட்டப்படி இப்படிப் பிடித்து வைக்க எந்த அதிகாரிக்கும் அதிகாரமே இல்லை என்று சொல்லிவிட்டது.

இப்போது டெக்சஸ் பக்கம். உதவ மறுக்கும் மாநிலத்தைவிட, அதிகமாக உதவத் துடிக்கும் மாநிலம்தான் சட்டப்படி பலவீனமான இடத்தில் நிற்கிறது என்று சொன்னால் பலருக்கு நம்பிக்கை வராது. 2010இல் அரிசோனா எஸ்.பி. 1070 என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. காகிதம் வைத்திருக்காதது மாநிலக் குற்றம், அனுமதியின்றி வேலை பார்ப்பது குற்றம், நாடு கடத்தத் தக்கவர் என்று தோன்றினால் வாரன்ட் இல்லாமல் கைது. ஒபாமா அரசு வழக்குப் போட்டது. 2012இல் உச்ச நீதிமன்றம் இந்த மூன்றையும் அடித்தது. வேறு காரணத்துக்காகச் சட்டப்படி நிறுத்தப்பட்டவரிடம், நியாயமான சந்தேகம் இருந்தால் குடியேற்ற நிலையை விசாரிக்கலாம் என்ற ஒரு பிரிவை மட்டும் அப்போதைக்கு விட்டுவைத்தது. நீதிபதி கென்னடி தீர்ப்பில் சொன்ன ஒரு விஷயம் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: விசா முடிந்தும் தங்கியிருப்பது பொதுவாகக் கிரிமினல் குற்றம் ஆகாது, அது நாடு கடத்தலுக்குரிய சிவில் மீறல். எல்லையைத் திருட்டுத்தனமாகத் தாண்டுவது வேறு, அது குற்றம். தங்கியிருப்பதற்காக மட்டும் ஒருவரைக் கைது செய்யும் அதிகாரம் மாநிலப் போலீஸுக்கு இயல்பாகக் கிடையாது. மத்திய அரசோடு 287(ஜி) எனப்படும் ஒப்பந்தம் போட்டுப் பயிற்சி பெற்றிருந்தால், அந்த ஒப்பந்தத்தின் எல்லைக்குள் செய்யலாம். அந்தத் தீர்ப்பில் அரிசோனாவுக்காக மாற்றுக் கருத்து எழுதியவர்களில் ஒருவர் அதே ஸ்கலியா.

டெக்சஸ் 2023 டிசம்பரில் இதைவிடத் துணிந்தது. மெக்சிகோவிலிருந்து சட்டவிரோதமாகத் தாண்டுவதை மாநிலக் குற்றமாக்கி, திரும்பிப் போகச் சொல்லி மாநில நீதிபதியே உத்தரவிடலாம் என்றது. 2024 பிப்ரவரி கடைசியில் ஆஸ்டினில் ஒரு மத்திய நீதிபதி நிறுத்திவைத்தார். அந்தத் தடையை ஐந்தாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் தற்காலிகமாக விலக்கியது; மார்ச் 19 அன்று அதில் தலையிட உச்ச நீதிமன்றம் மறுத்தது. சட்டம் அமலுக்கு வந்துவிட்டது என்று டிவியில் ஓடியது. டெக்சஸ் அனுப்புபவர்களை ஏற்க மாட்டோம் என்று மெக்சிகோ அறிவித்தது. அன்று இரவே ஐந்தாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் மீண்டும் நிறுத்தியது. அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் மதியம் சொன்ன பதிலை மறுநாள் காலையில் எல்லோருக்கும் திரும்ப போன் போட்டு மாற்றிச் சொன்னோம். எல்லை ஊரான ஈகிள் பாஸில் டெக்சஸ் போட்ட முள்கம்பி விஷயமும் இப்படித்தான். 2024 ஜனவரியில் 5க்கு 4 என்று உச்ச நீதிமன்றம், மத்திய எல்லைக் காவலர் கம்பியை வெட்டலாம் என்றது. காரணம் ஒரு வரிகூட எழுதவில்லை. டெக்சஸ் தோற்றது என்று எல்லோரும் எழுதினார்கள். நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் டெக்சஸ் பக்கமே தீர்ப்பளித்தது. இடைக்கால உத்தரவை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்களை நம்பாதீர்கள்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் உறுதியானவை. இனி வருபவை உறுதியில்லாதவை. முதலாவது பணம். உதவாத மாநிலத்துக்கு மானியத்தை நிறுத்துவேன் என்று மத்திய அரசு மிரட்டலாமா? நாடாளுமன்றம் தெளிவாக எழுதிவைத்த நிபந்தனை என்றால் ஓரளவுக்கு முடியும். குடிக்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களின் நெடுஞ்சாலைப் பணத்தில் 5 சதவீதத்தைப் பிடித்ததை 1987இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஜனாதிபதி தானாக ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாமா என்பதில் 2017க்குப் பிறகு பெரும்பாலான நீதிமன்றங்கள் 'கூடாது' என்றன, நியூயார்க்கில் உள்ள இரண்டாவது மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் அரசுக்குச் சாதகமாகச் சொன்னது. ஆட்சி மாறியதும் வழக்குகள் கைவிடப்பட்டன, முடிச்சு அவிழாமலே நின்றது. இரண்டாவது, 1996ஆம் ஆண்டின் ஒரு மத்தியச் சட்டப் பிரிவு. ஒருவரின் குடியேற்ற நிலை பற்றிய தகவலை மத்திய அரசுக்குத் தருவதை மாநிலங்கள் தடுக்கக் கூடாது என்கிறது அது. 2018 சூதாட்டத் தீர்ப்புக்குப் பிறகு அது நிற்குமா என்பதில் கீழ் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 'நிற்காது' என்பது என் ஊகம். அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மத்திய அதிகாரியை மாநிலம் கட்டுப்படுத்த முடியுமா என்பது. முகமூடி போட்டுக்கொண்டு கைது செய்யக் கூடாது என்று கலிபோர்னியா 2025 செப்டம்பரில் சட்டம் போட்டதும் மத்திய அரசு வழக்குக்குப் போனது. கலிபோர்னியாவுக்கு இங்கே நிலம் கொஞ்சம் வழுக்கல் என்றுதான் நினைக்கிறேன். 1890இல் ஒரு தீர்ப்பு உண்டு. உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரைத் தாக்க வந்தவரை, காவலுக்குப் போன மத்திய மார்ஷல் கலிபோர்னியா ரயில் நிலையம் ஒன்றில் சுட்டுக் கொன்றார். மாநிலம் அவரைக் கொலை வழக்கில் பிடித்தது; தன் கடமைக்குத் தேவையானதைச் செய்தவரை மாநிலம் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் விடுவித்தது. கடமையின் எல்லையைத் தாண்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. எல்லை எது என்பது ஒவ்வொரு வழக்கிலும் புதிதாக அளக்கப்படும். இதோடு சேர்ந்ததுதான், வழக்கமாக மாநில ஆளுநரின் கீழ் இருக்கும் தேசியக் காவல் படை விவகாரமும். 2025 ஜூனில் ஆளுநர் நியூசம் எதிர்த்தும் லாஸ் ஏஞ்சலஸுக்குச் சுமார் 4,000 காவல் படையினரும் 700 மரைன்களும் அனுப்பப்பட்டார்கள். அமெரிக்காவில் ஆளுநர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் போல, மக்கள் தேர்ந்தெடுத்தவர் என்பதை நினைவில் வையுங்கள். இல்லினாயில் அதே வழியில் படையை இறக்க டிசம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக அனுமதி மறுத்தது. அதுவும் இடைக்காலம்தான்.

ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெக்சஸில் இருக்கும் தமிழர்கள் இதில் அடிக்கடி தவறுகிறார்கள். மத்திய அரசிடமிருந்து மாநிலத்துக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, மாநிலத்திடமிருந்து நகரத்துக்குக் கிடையாது. நகரமும் கவுன்டியும் மாநிலம் பெற்ற பிள்ளைகள். டிடெய்னரை மதித்தே ஆக வேண்டும் என்று 2017இல் டெக்சஸ் சட்டம் போட்டபோது ஆஸ்டின், ஹூஸ்டன் எல்லாம் நீதிமன்றம் போயின. 2018இல் பெரும்பகுதி மாநிலத்துக்குச் சாதகமாக முடிந்தது. ஆகவே ஆஸ்டின் மேயர் என்ன பேட்டி கொடுத்தாலும் ஜெயில் வாசலில் நடப்பது மாநிலம் சொன்னதுதான்.

கடைசியாக உங்கள் தம்பி. செல்லுபடியாகும் விசா நிலையில், சம்பளச் சீட்டு வரும் வேலையில் இருக்கும்வரை இந்த மத்திய–மாநிலச் சண்டை அவரை நேராகத் தொடாது. ஆனால் கலிபோர்னியாவில் இருப்பதால் ஐஸ் வராது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் அது தவறு. மாநிலச் சட்டம் கட்டிப்போடுவது உள்ளூர் போலீஸின் கையை மட்டும். 18 வயது நிரம்பிய வெளிநாட்டவர் பதிவு ஆவணத்தைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது மத்தியச் சட்டம். அவருக்கு அது ஐ-94 என்ற நுழைவுப் பதிவு. அச்சிட்டு பர்ஸில் வைக்கச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை நம் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவு பார்ட்டி முடிந்து வண்டி எடுக்கும்போதுதான். குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால், தண்டனை ஆவதற்கு முன்பே கடவுச்சீட்டில் இருக்கும் விசாவைத் தூதரகம் ரத்து செய்யலாம். 2015இலிருந்து இப்படி நடக்கிறது. உடனே நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை, ஆனால் ஊருக்கு வந்தால் திரும்பிப் போகப் புதிதாக விசா எடுக்க வேண்டும். அப்படி ஏதாவது நடந்திருந்தால் அடுத்த பொங்கலுக்கு டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு குடியேற்ற வக்கீலிடம் அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். இங்கே நான் எழுதியதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.